வீட்டு ஜெபத்துக்குக் கட்டஞ்சாயா போதும்

எங்கள் பகுதியில் வீட்டு ஜெபக் கூட்டம் ஒரு கட்டத்தில் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டது. பக்தி குறைந்து அல்ல, புரோட்டாவும் கோழிக்கறியும் உள்ளே வந்து. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் சபையில் ஐக்கியம் எப்படிக் கெடுகிறது, அதை எப்படிச் சரிபண்ணுவது என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால் நான் முதலில் சொல்வது இந்தச் சாப்பாட்டுக் கதையைத்தான், ஏனென்றால் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லித் தீராத பல விஷயங்கள் அடுக்களையில்தான் முடிவாகின்றன.

நாங்கள் இருப்பது களியக்காவிளைக்குக் கிழக்கே, ரப்பரும் வாழையும் மரச்சீனியும் கலந்து கிடக்கிற மேட்டு நிலம். கொஞ்சம் நடந்தால் கேரளம். தாத்தா பாட்டி காலத்தில் இது எல்லாம் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம், ஒரே லண்டன் மிஷன் சபை. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் இப்போது கேரளத்தில் இருக்கிற பாறசாலையும் தமிழ்நாட்டில் இருக்கிற மார்த்தாண்டமும் ஒரே பக்கம்தான். 1956 நவம்பர் 1-இல் நடுவே மாநில எல்லை வந்தது, அப்புறம் 1959-இல் பேராயமும் (ஒரு பிஷப்பின் கீழ் வருகிற சபைகள்) கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டானது. கல்யாணச் சம்பந்தத்துக்கு மட்டும் யாராலும் எல்லை போட முடியவில்லை. எங்கள் ஜெபக் குழுவில் நிறைய மருமகள்கள் நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பெண்கள் பலர் அந்தப் பக்கம். (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எல்லை தாண்டிச் சம்பந்தம் பேசுகிறவர்கள் தேதி குறித்த உடனேயே சபைக் கடிதத்துக்கு அலையத் தொடங்குங்கள். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு இரண்டு சபையிலும் வாசிக்க வேண்டும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபிறகு கடிதத்துக்காக ஓடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.)

சரி, புரோட்டாவுக்கு வருவோம். சபையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாரம் ஒரு வீட்டில் சாயங்காலம் கூடுவது எங்கள் வழக்கம். ஒரு கீர்த்தனை, வேத வாசிப்பு, சின்னதாக ஒரு செய்தி, ஜெபம், அப்புறம் சாயா. முதலில் சாயாவும் பிஸ்கட்டும்தான். பிறகு ஒரு வீட்டில் மகன் கல்ஃபிலிருந்து வந்த சந்தோஷத்தில் பழம்பொரியும் ரசவடையும் போட்டார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது, சந்தோஷத்தில் செய்ததுதானே. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் அதற்குக் குறைத்துச் செய்ய முடியுமா? அவர் புட்டும் கடலையும் வைத்தார், அதற்கடுத்த வீட்டில் புரோட்டா, பிறகு கோழிக்கறி. சில மாதங்களில் ஜெபக் கூட்டம் நடத்துவது ஒரு சின்னப் பால்காய்ச்சு (புதுவீடு புகுதல்) நடத்துகிற செலவுக்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. யாரும் 'எனக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று வாய்திறந்து சொல்லவில்லை. 'அம்மைக்குச் சொகமில்ல', 'வீடு பூச்சு வேலை கெடக்கு', 'அவரு ஊருல இல்ல, அடுத்த மாசம் பாக்கலாம்' என்றார்கள். மழைக்காலம் வந்தால் இந்தச் சாக்குகள் கூடும், ஏனென்றால் மழை பெய்தால் ரப்பரில் பால்வெட்டு இல்லை, மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஓடும், கூலிக்கு வெட்டுகிறவர்களுக்குக் கையில் காசே இருக்காது. கடைசியில் பட்டியலைப் பார்த்தால் மாடி வீடுகள் மட்டுமே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. கூட்டத்தை வீட்டில் வைக்க முடியாதவர்கள், வைக்காமல் எப்படி மற்றவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவது என்று வருவதையும் நிறுத்திக்கொண்டார்கள். அதாவது யாருக்காக வீடு வீடாகப் போக வேண்டும் என்று தொடங்கினோமோ அவர்களே வெளியே.

ஓட்டுவீட்டில் தனியாக இருக்கிற ஒரு மாமியிடம், பால்வெட்டுக்குப் போய்த்தான் பிள்ளையைப் படிக்க வைத்தவர், நேராகவே கேட்டேன், உங்கள் வீட்டில் ஒரு வாரம் வைக்கலாமா என்று. 'வாங்க மக்களே, ஆனா பால் வாங்க மாட்டேன், கட்டஞ்சாயாதான் தருவேன்' என்றார். அந்த ஒரு வரியைத்தான் பிறகு குழுவில் சட்டமாக்கினோம்: பால் ஊற்றாத கட்டஞ்சாயா, ஒரு வகை பிஸ்கட், அதற்கு மேல் எதுவும் கூடாது. எந்த வீடாக இருந்தாலும், யார் ஊரிலிருந்து வந்திருந்தாலும்.

இப்படி ஒரு சட்டம் போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அதை ஓட்டுவீட்டில் தொடங்காதீர்கள் என்பதுதான். அங்கே தொடங்கினால் 'பாவம், முடியாது, அதான்' என்று ஆகிவிடும், அடுத்த வாரம் பெரிய வீட்டில் மறுபடி வடை வரும், சட்டம் செத்துவிடும். முதலில் வசதியான வீட்டில் வைக்க வேண்டும். எங்களுக்கு ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் மனைவி கைகொடுத்தார்கள். பளிங்குத் தரை, கண்ணாடி அலமாரி நிறையப் பீங்கான் கோப்பை, ஆனால் அன்றைக்கு எவர்சில்வர் டம்ளரில் கட்டஞ்சாயாவை அவர்களே ஊற்றிக்கொண்டு வந்து, தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக் கையில் நீட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அதற்கடுத்து தகரக் கூரை வீட்டிலும் அதே டம்ளர், அதே சாயா, ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஏமாற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. 'பிள்ளைக்குப் பொறந்த நாளு' என்று கேக் வெட்டிய வீடும் உண்டு, பிறந்த நாள் முந்தின மாதமே போய்விட்டது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது.

புதிதாக நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் திட்டுவது இதற்குத்தான்: கூடி வருகிறார்கள், ஆனால் ஒருவன் வயிறு நிறையச் சாப்பிடுகிறான், இன்னொருவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். நாம் அந்த அதிகாரத்தை ராப்போஜன ஆராதனைக்கு மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டோம். அது சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை என்பதை மறந்துவிடுகிறோம்.

நேரம் இன்னொரு விஷயம். பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறவர்கள், ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கினால்தான் உடம்பு நிற்கும். எங்கள் கூட்டம் ஏழு மணி என்று சொல்லி ஏழே முக்காலுக்குத் தொடங்கி, செய்தி கொடுக்கிறவர் உற்சாகமாகிவிட்டால் ஒன்பதரை வரை போகும். இப்போது யார் வந்தாலும் வராவிட்டாலும் ஏழு மணிக்குப் பாட்டு, எட்டு மணிக்கு ஆசீர்வாதம். பேசுகிறவருக்குப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் போனால் அந்த வீட்டு மாமா எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைப்பார், அது அடையாளம்.

வேத வாசிப்பைச் சுற்றிவரச் சொல்வதையும் விட்டுவிட்டோம். ஆளுக்கொரு வசனம் என்று வட்டமாக வரும்போது, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து ஓடாது, கண்புரை வந்த பாட்டிக்குத் தெரியாது, பள்ளிக்கூடமே போகாத ஒருவர் தன் முறை வருவதற்கு முன் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். இதை ஒரு மருமகள் என் காதில் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் ஏன் நடுவில் எழுந்து போகிறார்கள் என்பதே விளங்கியது. இப்போது வாசிக்க விருப்பமுள்ள ஒருவர் முழுப் பகுதியையும் வாசிக்கிறார், மலையாளத்தில் ஒருவர் மறுபடி வாசிக்கிறார், ஜெபத்தில் யாருக்கு எது வாயில் வருகிறதோ அந்தப் பாஷை. அந்த மருமகள் மலையாளத்தில் ஜெபிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது வேறு கதை.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'அந்தக் கிழக்கு வீட்டுப் பிள்ளைக்காக எல்லாரும் ஜெபிக்கணும், என்னான்னு மட்டும் கேக்காதீங்க' என்று ஒரு அக்கா சொன்னால் போதும், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளை பரீட்சையில் தோற்றது, வயிற்றில் வந்தது தங்காமல் போனது, மாப்பிள்ளை குடிக்கிறது, எல்லாம் இப்படித்தான் வெளியே வருகிறது, அதற்குப் பிறகு அந்த வீட்டார் ஒரு மாதம் கோவிலுக்கு வரமாட்டார்கள். நாங்கள் வைத்திருக்கிற முறை: சம்பந்தப்பட்டவர் தாமே சொன்னால் அல்லது சொல்லச் சொன்னால் மட்டுமே பெயர். மற்றபடி 'ஒரு குடும்பத்துக்காக' என்று பொதுவாகக்கூடச் சொல்லக் கூடாது, அப்படிச் சொன்னால் யார் யார் என்று தோண்டத்தான் மனசு போகும். தனியாக வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும்.

நோயாளி வீடுதான் சபையின் நிறம் தெரிகிற இடம். இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் சபையும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து போனவை. நெய்யூரில் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மிஷன் வைத்தியத்தைத் தொடங்கினார், இன்றைக்கும் பழைய ஆட்கள் எந்த வலி வந்தாலும் முதலில் 'நெய்யூருக்குப் போவமா' என்றுதான் கேட்பார்கள். புற்றுநோய் என்றால் எங்களுக்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம்தான், மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு அண்ணனுக்கு அங்கே மாதக்கணக்கில் சிகிச்சை போனது. முதல் வாரம் வேன் பிடித்து ஒரு கூட்டமே போனோம், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பையுமாக. கட்டிலைச் சுற்றி நின்று பாடி, நீளமாக ஜெபித்து, பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற அளவுக்கு ஆயிற்று. அந்த அண்ணனால் ஹார்லிக்ஸை விழுங்கக்கூட முடியாது. அண்ணிக்குத் தேவைப்பட்டது வேறு: ஒரு ராத்திரி தூங்க வேண்டும்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு நிற்கிறவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள், மருந்து வாங்க, பில் கட்ட, ரத்தம் ஏற்பாடு செய்ய, டாக்டர் கூப்பிட்டால் ஓட எல்லாம் அவர்தான். அண்ணி ஒருத்தியே அதை இழுத்துக்கொண்டிருந்தார். போதகர் ஆராதனை முடிந்ததும் பிரசங்கம் எதுவும் வைக்காமல் ஒரு நோட்டை நீட்டி, ராத்திரி நிற்க முடிகிறவர்கள் பெயர் எழுதுங்கள் என்றார். வாரத்தில் இரண்டு ராத்திரி யாராவது ஒருவர் குழித்துறையில் ரயிலேறிப் போய் நிற்பார், அண்ணி ஊருக்கு வந்து குளித்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஹார்லிக்ஸுக்குப் பதில் கவரில் பணம், அதுவும் அண்ணியின் கையில், கவரின் மேல் கொடுத்தவர் பெயர் எழுதாமல். பார்க்கப் போகிறவர்கள் இரண்டு பேர், ஐந்து நிமிடம், மெதுவான குரலில் ஒரு சங்கீதம், அவ்வளவுதான்.

ரத்தம் கொடுப்பதில் எங்கள் வாலிபர்கள் நல்ல எண்ணத்தில் செய்த ஒரு காரியம் பாடமாகப் போயிற்று. கேள்விப்பட்ட உடனே எல்லாரும் ஒரே நாளில் போய்க் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 90 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம், பெண் என்றால் 120 நாள். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அடுத்த மாதம் மறுபடி தேவைப்பட்டபோது கொடுக்கத் தகுதியான ஆள் சபையில் தேட வேண்டியிருந்தது. இப்போது ஒரு தங்கச்சி ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் எழுதிய ஒரு பட்டியலை வைத்திருக்கிறாள், அவள் கூப்பிட்டால் மட்டும் போனால் போதும்.

இதைவிடப் பெரிய உதவியை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அண்ணனுக்கு நூற்றுச் சொச்சம் ரப்பர் மரம், அதுதான் வருமானம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்ட வேண்டும், விட்டால் வருமானம் போயிற்று, தெரியாதவன் கத்தியை வைத்தாலோ பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பட்டு, பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. அதனால் நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, கை தெரிந்த ஆள் வேண்டும். ஜெபத்தில் வாயே திறக்காத ஒரு தம்பி தன் தோட்டத்தை முடித்துவிட்டு அங்கே போய் வெட்டிச் சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலையும் தனியாகச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போவான். கூலி கொடுக்க அண்ணி எத்தனை முறை முயன்றும் வாங்கவில்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிற கலாத்தியர் வசனத்தை நாங்கள் பேனரில் அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம், அந்தத் தம்பி அதை வாசித்திருப்பானோ என்னவோ.

சண்டை இல்லாத சபை கிடையாது, எல்லைக்கல் நகர்ந்தது, கமிட்டி தேர்தல், கல்லறைத் தோட்டத்தில் இடம், இப்படி ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இதில் நான் கண்ட ஒரே உபாயம் மத்தேயு 18:15-இல் உள்ளதுதான், தனியாகப் போய்ப் பேசுவது. முதலில் போதகரிடம் போவார்கள், பிறகு கமிட்டியிடம், பிறகு வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் ஒரு வசனத்தைப் போடுவார்கள், எல்லாருக்கும் யாரைக் குத்துகிறது என்று தெரியும். தனியாகப் பேசுவதை மட்டும் கடைசியில்கூடச் செய்யமாட்டார்கள். எங்கள் பகுதியில் வாட்ஸ்அப் குழுவை மரண அறிவிப்புக்கும் கூட்ட நேரத்துக்கும் ரத்தத் தேவைக்கும் என்று சுருக்கிவிட்டோம். காலை வணக்கப் படம்கூடக் கிடையாது, அதற்கு எதிர்ப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற விளைபொருளை ஏலம் விடுகிற ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் பற்றிச் சிலர் குறையாகப் பேசுவார்கள், பணக்காரர் பந்தா காட்டுகிற இடம் என்று. கொஞ்சம் உண்மைதான். பலாப்பழமும் சேவலும் கடைவிலைக்குப் பல மடங்கு போகும், ஒருவர் எடுத்த முட்டையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடுவார்கள், கூட்டம் கைதட்டும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் இரண்டு ஒழுங்கு வேண்டும்: கேட்ட தொகையை அன்றைக்கே கட்டிவிட வேண்டும், பாக்கி வைத்தவர் பெயரை அடுத்த வருடம் வாசிக்கிற நிலை வரக் கூடாது. இன்னொன்று, பிள்ளைகளுக்கு என்று சில பொருளை ஒதுக்கி, பத்து ரூபாய்க்கு மேல் போகவிடாமல் விட வேண்டும். ஒரு சின்னப் பயல் ஐந்து ரூபாய்க்குக் கோழிக்குஞ்சை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆசீர்வாத ஜெபம் முழுவதும் கண்ணைத் திறந்தே நின்றான்.

இப்போது எங்கள் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிற விவாதம் கல்ஃபில் இருக்கிறவர்களைப் பற்றியது. பல வீடுகளில் ஆண்கள் ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும், இங்கே வயதானவர்களும் பிள்ளைகளும். கூட்டத்தை வீடியோவில் காட்டுங்கள் என்று அங்கிருந்து கேட்டார்கள். காட்டினோம், ஆனால் அங்கே எங்கள் எட்டு மணி அவர்களுக்கு ஆறரை, வேலைத் தளத்திலிருந்து ஒருவர் ஒலியை நிறுத்தாமல் விட்டால் ஜெபத்தின் நடுவில் ஹிந்தியில் யாரோ சத்தம் போடுவார்கள். போனைக் கையில் பிடித்திருக்கிற பிள்ளை முகங்களைக் காட்டாமல் மின்விசிறியைக் காட்டும். ஒரு வயதானவர் 'என் முகம் எதுக்கு அங்க போகணும்' என்று தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இப்போதைக்கு முடிவு இது: பாட்டும் செய்தியும் மட்டும் வீடியோவில், ஜெபக் குறிப்பு தொடங்கும்போது போனை அணைத்துவிட வேண்டும். அங்கே இருக்கிற அண்ணன்மார் இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த விடுமுறைக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.